இஞ்சின் பெட்டிக்கு இந்தப் பக்கம்

எங்கள் வண்டியில் வருசம் கலர் கலராக நகரும். கார்த்திகை பிறந்தால் கறுப்பும் கருநீலமும். மார்கழியில் மேல்மருவத்தூர்ப் பக்கம் போவதென்றால் சிவப்பு. தைப்பூசத்துக்குப் பழநிச் சாலையில் பச்சையும் காவியும். சித்திரையில் சமயபுரம் தேருக்கு மஞ்சள், ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு மறுபடியும் காவி. திருப்பூரில் கட்டும் மூட்டையில் எந்தக் கலர் எத்தனை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐரோப்பாக் கோடைக்குத் தைத்து மிஞ்சியது என்றால் வெள்ளையும் ரோஸும் வெளிர்நீலமுமாக இருக்கும். குளிருக்குத் தைத்தது என்றால் எல்லாம் இருட்டுக் கலர். அதைக் கொட்டி, பிரித்து, எந்தச் சாமிக்கு எது ஆகும் என்று கட்டுக்கட்டாக வைப்பது என் வேலை.

சாமிக்குப் போகிறவர்கள் பனியனில் என்ன படம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, கலர்தான் கணக்கு. மண்டையோடு போட்ட கறுப்பு டீசர்ட்டை ஒரு குருசாமி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "உள்பக்கம் வெளிய வர்றாப்புல போட்டுக்கறனுங்க, ஐயப்பனுக்குத் தெரியும்" என்று ரெண்டாக வாங்கிக்கொண்டு போனார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் கிறிஸ்துமஸ் மான் போட்ட குழந்தை உடுப்பு விற்றிருக்கிறோம். மானுக்கு மூக்கு மட்டும் செக்கச்செவேல். "இதுக்கு ஏன் மூக்கு செவந்திருக்குது?" என்று ஒரு பொடியன் கேட்டதற்கு, "சளி கண்ணு" என்றார் எங்கூட்டுக்காரர்.

நாங்கள் என்றால் நானும் அவரும் ஒரு பழைய மெட்டடோர் வேனும். 1990களின் கடைசியில் தொடங்கி 2011 வரைக்கும் அதுதான் எங்களுக்குக் கடை, குடோன், அடுப்படி, படுக்கை எல்லாம். இன்றைக்கு எனக்கு மூன்று அறை வைத்த தார்சு வீடு இருக்கிறது, மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. இருந்தும் ராத்திரி படுத்தால் மனசு அந்த வண்டிக்குத்தான் போகிறது. சொன்னால் அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்வதில்லை.

வண்டிக்கு முந்தைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்பனியன் தைத்துக்கொண்டிருந்த எங்கள் ஊருக்கு 1978இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் சரக்குத் தேடி வந்தார், அதிலிருந்து எக்ஸ்போர்ட் பிடித்துக்கொண்டது என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊரே கம்பெனியாக இருந்தது. ஒன்றரை ஷிப்ட் என்றால் திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்: காலை எட்டரைக்கு நுழைந்தால் ராத்திரி எட்டரைக்கு வெளியே வரலாம். கப்பல் தேதி நெருங்கிவிட்டால் அதுவும் கிடையாது, விடிய விடிய. நான் செக்கிங் டேபிளில் இருந்தேன். அவர் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினார். நூல் துணியாகி, துணி சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் போய், கட்டிங் வந்து, பிரிண்டிங் போய், பவர்டேபிளுக்கு வந்து, அயர்ன் ஆகிப் பெட்டிக்குள் போவதற்குள் ஊரை ஏழு சுற்றுச் சுற்றும். அதைச் சுமந்து அலைகிறவருக்கு நேரம் காலம் ஏது? நான் தூங்கின பிறகு வருவார், அவர் எழுவதற்குள் நான் கிளம்பியிருப்பேன். சட்டியில் சோறு குறைந்திருந்தால் ஆள் வந்துபோயிருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை குடும்பம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் போய்விடும். சம்பாதிப்பது என்னவோ ரெண்டு பேரும்தான். ஆனால் பேசிக்கொள்ளாமல் குடும்பம் நடத்தப் பழக்கிவிடும் ஊர் இது.

வேன் வாங்குகிற யோசனை அவருடையது. ஒரு மேரேஜ் பார்ட்டி வண்டியாக ஓடிக் களைத்துப்போன மெட்டடோர். சீட்டை எல்லாம் கழற்றி விற்றதிலேயே கொஞ்சம் காசு தேறியது. மற்ற வேன்களைவிட அதில் ஒரு வசதி: முன்சக்கரம் இழுக்கிற வண்டி, பின்னால் அச்சுக்கு ஓடுகிற தண்டு கிடையாது. அதனால் பின்தளம் தாழ்வாக, தட்டையாக இருக்கும். சேலையைத் தூக்கிச் சொருகாமல் ஏறலாம், மூட்டையை இடுப்புயரத்துக்குத் தூக்கினால் உள்ளே தள்ளிவிடலாம். இஞ்சின் முன்னால், டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவே ஒரு பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். பென்ஸ் இஞ்சின் என்று அவருக்குப் பெருமை. அந்தப் பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சித்திரை வெயிலில் அதன் சூடு முழங்காலைச் சுடும். மார்கழியில் அதன்மேல் ஒரு பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, டிபன் டப்பாவை வைத்துவிடுவேன். கரூர் தாண்டுவதற்குள் இட்லி சூடாக இருக்கும்.

சரக்கு எடுப்பது காதர்பேட்டையில். பத்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் கம்பெனிக்காரர் கூடக் கொஞ்சம் வெட்டித் தைப்பார். ஊசிக்கோடு விழும், ஓட்டை விழும், ஷேடு மாறும், அளவு பிசகும். கழித்தது போக எண்ணிக்கை நிற்க வேண்டுமே. கப்பலேறியது போக மிஞ்சியதும், செக்கிங்கில் கழிந்ததும், வெளிநாட்டுக்காரன் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று கைவிட்டதும் அங்கே வந்து சேரும். லேபிளை வெட்டி விட்டிருப்பார்கள். கேரளாக்காரர், பம்பாய்க்காரர், நைஜீரியாக்காரர் வரைக்கும் அந்தச் சந்துகளில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைக்காரர் மேலே நல்ல பீஸாக அடுக்கிவைத்து, அடியில் மட்டத்தைத் திணித்திருப்பார். நான் தோள்வரை கையை விட்டு அடியிலிருந்துதான் இழுப்பேன். துணியைப் பார்க்கக்கூட வேண்டாம், விரலுக்கிடையில் ஓடவிட்டால் தெரிந்துவிடும். அப்படி நான் ரெண்டு பீஸை உருவி மடிமேல் போட்டதும், எங்கூட்டுக்காரர் கடைக்காரரிடம் விலையைக் குறைக்கத் தொடங்குவார். ஒருவருக்கொருவர் கண்ணைக்கூடக் காட்டிக்கொள்ள மாட்டோம்.

எடுத்த சரக்கை அப்படியே விற்கவும் மாட்டோம். வண்டி எங்காவது நிற்கிற ராத்திரி, பேட்டரியிலிருந்து ஒரு குண்டு பல்பை இழுத்து மாட்டிக்கொண்டு உட்காருவேன். செக்கிங் டேபிளில் டேமேஜ் இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். கழிவு பீஸில் அது ஒட்டியபடியே வரும், எங்கே கோளாறு என்று தேட வேண்டியதில்லை. அக்குளில் தையல் விட்டிருந்தால் கையாலேயே போட்டுவிடுவேன். மார்பில் சின்ன ஓட்டை என்றால் பூ மாதிரி ஒரு பேட்ச். எண்ணெய்க் கறைக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, கறை எடுக்கிற கன் கம்பெனியில்தான் இருந்தது. அந்த ஸ்டிக்கர்களை உரித்து உரித்து வண்டியின் உள்தகரத்தில் ஒட்டி வைப்பேன். நாளாக ஆக உள்சுவர் முழுக்க அம்புக்குறி. எல்லாம் வேறு வேறு திசையைக் காட்டிக்கொண்டிருக்கும். "எந்தப் பக்கம் போறதுனு வண்டிக்கே கொழப்பமாயிரும் புள்ள" என்பார் அவர்.

சந்தைகளில் எனக்குப் பிடித்தது கண்ணபுரம். வெள்ளகோவிலுக்குப் பக்கம், ஓலப்பாளையத்தைத் தாண்டி, சித்திரையில் மாரியம்மன் கோயில் தேரோடு கூடுகிற மாட்டுச் சந்தை. காங்கேயம் காளைகளைக் கொட்டாய் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். கிளுவை வேலி கட்டின கொறங்காட்டில் மேய்ந்து வளர்ந்த மாடுகள், திமிலைப் பார்த்தாலே நின்றுவிடத் தோன்றும். மாடு விற்ற பணம் மடியில் இருக்கிற மனுசன் பேரனுக்குப் பனியன் வாங்கும்போது பேரம் பேச மாட்டான். மாடு விற்காதவன் அரை மணி நேரம் பேசுவான். ரெண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: "துவைச்சா சுருங்குமா?" வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு மாதக் கணக்கில் அளவு போட்டிருக்கும். பன்னிரண்டு மாதத்துக்குத் தைத்தது நம் ஊரில் ரெண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் ஆகும். பெரியவர்கள் அளவில் அது இன்னும் மோசம், ஆறடி ஆளுக்குத் தைத்ததை யார் போடுவது? அதையும் ஒரு ஆத்தா எடுத்து, "மூணு வருசத்துக்கு ஆவும்" என்று பேரன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கிப்போனார். பையன் பனியனுக்குள் காணாமல் போயிருந்தான்.

ஆடி மாதம் பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் கடை விரிப்பது தண்டனை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாலைகளுக்காகவே அனுப்பியது போல இருக்கும். விரித்த தார்ப்பாயோடு பனியன்கள் பறந்து பக்கத்துக் காட்டு வேலிமுள்ளில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பிய்க்காமல் எடுத்துவர வேண்டும். நிட்டிங் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணிமாதிரி இறங்கிக்கொண்டே போகும். ஐப்பசி மழை அதைவிடக் கெடுதல். ஈரம் ஏறிய மூட்டையைப் பிரிக்காமல் விட்டால் கரும்புள்ளி விழுந்துவிடும், பிறகு தரைதுடைக்கத்தான் ஆகும். ஆனால் அந்த மாதத்தில்தான் தீபாவளி, அந்த மாதத்தில்தான் காசு. தீபாவளிக்கு முதல்நாள் நடுராத்திரி வரைக்கும் எங்காவது ஒரு பஸ் ஸ்டாண்டு வாசலில் கூவிவிட்டு, மிச்சத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புவோம். விடிகிற நேரம் ரோட்டில் ஒரு வண்டி இருக்காது. வழியில் ஊர் ஊராக வெடிச் சத்தம் கேட்கும். திருப்பூர் அன்றைக்கு ஆளில்லாத ஊர். கம்பெனிகளுக்கெல்லாம் லீவு, தையல்காரர்களெல்லாம் சொந்த ஊர்களுக்குப் போயிருப்பார்கள். நொய்யல் பாலத்தில் ஏறும்போது சாய வாடை வந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

சோறு பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அரிசிம்பருப்புச் சோறு என்ற ஒன்று கொங்கு நாட்டில் இருப்பது எங்களைப் போல ரோட்டில் கிடக்கிறவர்களுக்காகத்தான். ஒரே குண்டாவில் அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. பம்பு ஸ்டவ்வில் வேகிற வாசத்துக்குப் பக்கத்துத் தரைக்கடைக்காரர்கள் வந்து நிற்பார்கள். பாத்திரக் கடைக்காரர், வளையல்காரர், ராட்டினம் சுத்துகிற ஆள், பொரி உருண்டை போடுகிற அம்மா என்று வருசா வருசம் அதே முகங்கள். சிவன்மலைத் தேரில் பார்த்தால், அடுத்து பெருமாநல்லூர் குண்டத்தில் பார்ப்போம், அப்புறம் அவினாசித் தேரில். ஊரில் அடுத்த வீட்டுக்காரியின் பேர் தெரியாமல் வருசக்கணக்கில் இருந்தவள் நான். இவர்களுக்கெல்லாம் எத்தனை பிள்ளை, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மருமகளோடு ஒத்துவரவில்லை என்பதுவரை தெரியும்.

படுக்கை பனியன் மூட்டை. அதைப் போல மெத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அலசி முடித்த பருத்தியின் வாசம், ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழும்பும் குழைவு. விற்க விற்க மெத்தை தாழ்ந்துகொண்டே வரும். வியாபாரம் நல்லபடி நடந்தால் தகரத்தில் படுக்க வேண்டியதுதான்.

ஏக்கத்தில் எழுதுகிறேன் என்பதற்காகக் கஷ்டத்தை மறைக்க முடியாது. பெண்பிள்ளைக்கு ரோட்டில் பெரிய பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். எந்தப் பெட்ரோல் பங்கில் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, எந்த பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் வரும், எந்தத் தோட்டத்துக்காரர் மோட்டார் போட்டுக் குளித்துக்கொள்ளச் சொல்வார் என்ற கணக்கெல்லாம் என் தலைக்குள் இருந்தது. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ததே அந்தக் கணக்குத்தான். சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டேன். வீட்டுக்கு விலக்கான நாட்களில் பட்டதை எழுதினால் வேறு கட்டுரை ஆகிவிடும். தரை வாடகை வசூலிக்கிறவர் கேட்டதைக் கொடுக்காவிட்டால் மூட்டையை எட்டி உதைத்த ஊரும் உண்டு. பையனை என் அம்மாவிடம் விட்டிருந்தோம், தாராபுரத்துப் பக்கம். மாதத்துக்கு ஒரு தடவை போகும்போது முதல் அரை நாள் அவன் அமுச்சியின் சேலைக்குப் பின்னாலேயே நிற்பான். எங்கூட்டுக்காரர் அவனை ஸ்டியரிங்முன் உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிட்ட பிறகுதான் எங்கள் பிள்ளை ஆவான். இது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நான் அந்த வண்டியை நினைக்கிறேன்.

நினைப்பது எதை என்று கேட்டால், பேச்சை. எங்கூட்டுக்காரர் வீட்டில் வாய் திறக்காத மனுசன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பேசுவார். ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் ரெண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். ராத்திரி ஓட்டத்தில் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது என் கடமை. "ஏனுங்க, தூக்கம் வருதுங்களா?" என்றால், "வரல புள்ள, நீ பேசிட்டே வா" என்பார். பிறகு அவரே பேசுவார். அவருடைய அப்பா கடனுக்குப் பயந்து காட்டை எழுதிக்கொடுத்த நாள், பத்தாவதில் கணக்கில் தோற்றது, எனக்கு முன்னால் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்று சொன்னது, ஏன் வேண்டாம் என்றது. கல்யாணமாகி அத்தனை வருசத்தில் கேள்விப்படாததெல்லாம் கரூர் ரோட்டிலும் ஒட்டன்சத்திரம் ரோட்டிலும் கேட்டேன். ஒரு வேடிக்கை: நடுவில் அந்த இஞ்சின் போடுகிற சத்தத்தில் மெதுவாகப் பேசினால் கேட்காது. எத்தனை பெரிய ரகசியமாக இருந்தாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். "எனக்கு உங்கம்மா சொன்னது இன்னும் மனசுல இருக்குதுங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்தியதும், "தெரியும் புள்ள" என்று அவர் பதிலுக்குக் கத்தியதும், பக்கத்தில் ஓவர்டேக் செய்த லாரிக் கிளீனர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதும் ஒரு மூலனூர் வளைவில் நடந்தது. அந்தச் சண்டை அங்கேயே முடிந்தது. வீட்டில் நடந்திருந்தால் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து மாதக்கணக்காக வளர்த்திருப்போம்.

கல்லாப் பையும் என்னிடம்தான் இருந்தது. அவர் கூவுவார், எடுத்துக் கொடுப்பார். காசு வாங்குவதும் சில்லறை கொடுப்பதும், அடுத்த சரக்குக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதும் நான். யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்த ஏற்பாடில்லை, வேலை அப்படி அமைந்துவிட்டது.

ஒரு மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போயிருந்தோம். இருளர் சனம் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்து, மணலில் கொட்டாய் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் காதுகுத்து எல்லாம் அங்கேயே முடிப்பார்கள். பிள்ளை உடுப்பு நன்றாகப் போனது. நாங்கள் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைக்கார வண்டி. லாரி உயரம், ஜன்னலுக்குத் திரை, கூரையில் சோலார் தகடு. அறுபது வயசைத் தாண்டிய புருசனும் பெண்டாட்டியும். ஜெர்மனியிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்தவர்களாம். அந்த அம்மா எங்கள் குவியலில் ஒரு குழந்தைப் பனியனை எடுத்து, முதல் காரியமாக உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. முன்பக்கத்து எழுத்து அவர்கள் பாஷை போலிருக்கிறது, புருசனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் செக்கிங் டேபிள் இங்கிலீஷ். சைஸ், மெஷர்மெண்ட், ஷேடு, ஹோல், ஓகே, ரிஜெக்ட். அதை வைத்துக்கொண்டே ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். அவர் என் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், அம்புக்குறிகளைத் தடவினார். பிறகு தன் வண்டிக்குள் கூட்டிப்போனார். கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, புத்தக அலமாரி, எல்லாம் மரத்தில் இழைத்தது. "பினிஷிங் வெரி குட்" என்றேன். கடைசியில் ஒரு சின்னக் கதவைத் திறந்தார். கக்கூஸ். வெள்ளை வெளேரென்று, தாழ்ப்பாளோடு. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அந்த அம்மா கதவுக்கு வெளியே நகர்ந்து நின்று, போய்விட்டு வா என்று கையைக் காட்டினார். பாஷை தெரியாதவரிடம் அந்த அளவுக்குப் புரிந்துகொள்ளப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி எங்கூட்டுக்காரர் கேட்டார், "வயசான காலத்துல வீடு வாசலை உட்டுட்டு எதுக்கு இப்பிடிச் சுத்தறாங்க?" எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வண்டிக்கு வந்தவர்கள். நாங்கள் வீடு கட்டுவதற்காக வண்டியில் கிடந்தோம்.

2011 ஜனவரி 28 அன்று ஐகோர்ட் உத்தரவு வந்தது. கழிவைச் சுத்தமாக நிறுத்தாத சாயப்பட்டறை எல்லாவற்றையும் மூடச் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை. நொய்யலைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே காடு வைத்திருந்தவர்கள் எத்தனை வருசம் அழுதார்கள். ஆனால் சாயம் நின்றால் திருப்பூரில் எல்லாம் நிற்கும். துணியை வேறு ஊருக்கு அனுப்பிச் சாயமேற்றி வாங்கினார்கள், நூல் விலையும் அந்தச் சமயத்தில் தாறுமாறாக ஏறியிருந்தது. ஆர்டரே இல்லாதபோது மிச்சம் எங்கிருந்து வரும்? காதர்பேட்டையில் வந்த சரக்கு கொஞ்சம், கேட்ட விலை ஆகாசம். ரோட்டில் நின்று விற்கிற எங்களுக்குக் கட்டவில்லை. வேனுக்கு எஃப்சி வேறு வருசா வருசம், போகிற தடவையெல்லாம் தகரம் அடிக்க வேண்டியிருந்தது. பையன் பெரிய வகுப்புக்கு வந்திருந்தான். உக்கடத்தில் பழைய இரும்புக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த அன்றைக்கு அவர் இஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதை மட்டும் தனியாகக் கழற்றிப் படகுக்கோ ஜெனரேட்டருக்கோ போடுவார்களாம், அது சாகாதாம். நான் உள்ளே போய் ஒரு அம்புக்குறியையாவது உரிக்கலாம் என்று பார்த்தேன். வருசக்கணக்கில் வெயில் பட்டுத் தகரத்தோடு தகரமாகிவிட்டிருந்தது, நகத்துக்கு வரவில்லை.

சேர்த்த காசில் வீடு. ஊருக்கு வெளியே ரெண்டு சென்ட், அப்புறம் கடன் வாங்கி மேலே கட்டியது. சாயப்பட்டறைகள் சுத்திகரிப்பு போட்டுத் திறந்தன, ஊர் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அவர் ஒரு சின்னக் கடை பிடித்தார், வெளியூர் வியாபாரிகளுக்கு மொத்தமாகக் கொடுப்பது. காலையில் போனால் ராத்திரி பத்துக்கு வருவார். கல்லா இப்போது அவரிடம், ஜிஎஸ்டி வந்த பிறகு கணக்கு ஆடிட்டரிடம். நான் வீட்டில் ஒரு மெஷின் போட்டுப் பீஸ் ரேட்டுக்குக் கைமடித்துக் கொடுக்கிறேன். சாப்பாடு போடும்போது "இன்னிக்கு வியாபாரம் எப்பிடிங்க?" என்பேன். "பரவால்ல" என்பார். அதற்குள் அவர் போன் அடிக்கும். சட்டியில் சோறு குறைந்திருக்கிறதா என்று பார்க்கிற வாழ்க்கைக்கே திரும்பி வந்துவிட்டோம், இந்தத் தடவை சொந்த வீட்டில்.

2020இல் ஊரடங்கு போட்டபோது மட்டும் நாள் முழுக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். பேச்சு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் அவருக்கு வராது, ரோடு வேண்டும். ஒருநாள் மொட்டைமாடியில் ரெண்டு நாற்காலியை ஒரே பக்கம் பார்க்கப் போட்டுப் பார்த்தேன். அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எதுக்குப் புள்ள கெழக்கயே பாத்துட்டு உக்காரோணும்?" என்று எழுந்து போய்விட்டார்.

கேரவன் என்றால் பொள்ளாச்சிப் பக்கம் சினிமா ஷூட்டிங்குக்கு வந்து நிற்கிற ஏசி வண்டி என்றுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இப்போது அதிலேயே சுற்றுலா போகிறார்களாம். 2021இல் கேரள அரசாங்கமே இதற்கென்று ஒரு திட்டம் அறிவித்தது. பையன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான், உலகம் பூராவும் மெயிலில் பேசுகிறவன். எங்கள் கல்யாண நாளுக்கு அப்படி ஒரு வண்டி எடுத்துத் தருகிறேன் என்று போனில் படத்தைக் காட்டினான். கட்டில் இருந்தது, டிவி இருந்தது, அந்தச் சின்னக் கதவும் இருந்தது.

"யாரு ஓட்டறது?" என்று கேட்டேன்.

"டிரைவரு அவங்களே குடுத்துருவாங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் பின்னாடி சொகுசா படுத்துட்டே போலாம்."

"முன்னால சீட்டுல நான் உக்காந்துக்கலாமானு கேளு."

"அது அவங்க ஆளு உக்கார்ற எடம்மா. உனக்கு எதுக்கு அந்தச் சூட்டுல?"

அப்படியானால் வேண்டாம் என்றேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கூட்டுக்காரர் அந்தப் பக்கம் கடை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தார், கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு பக்கத்தைக் கூட்டி முடித்துக் கீழே கோடு போட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்:

"அந்த வண்டில இஞ்சின் எங்கடா இருக்குது?"

பையனுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றான்.